நூறுக்கு ஃபெயிலு, ஒம்பதுக்கு பாஸு

அக்கா, நேத்து போன்ல நீங்க அழாத குறையா பேசினத வெச்சு எனக்கு புரிஞ்சது இதுதான், பாப்பா பிசிஏ சேந்து ரெண்டு மாசம் ஆகுது, கோடிங் வரலம்மாங்குறா, நீங்க பி.காம் மாத்திடலாமான்னு பாக்குறீங்க, அதுக்குள்ள யாரோ டேட்டா சயின்ஸ் கோர்ஸ் அறுபதாயிரம், அட்வான்ஸ் கட்டுங்கன்னு தினமும் போன் போட்டுட்டே இருக்காங்க. ரெண்டையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க, அந்த அட்வான்ஸ கண்டிப்பா கட்டாதீங்க.

பாப்பா அனுப்பின ஃபோட்டோவ பாத்தேன். மார்க்க கேட்டு வாங்கி 35ஓ அதுக்கு மேலயோ இருந்தா பாஸ், இல்லன்னா ஃபெயில்னு சொல்ற ப்ரோக்ராம், மொத்தமே அஞ்சு வரி. 100 அடிச்சா ஃபெயில்ங்குது, 9 அடிச்சா பாஸ்ங்குது. இத பாத்துட்டுதான் லேப்லயே கண்ணு கலங்கிருக்கா.

என்ன ஆச்சுன்னா, அவ எழுதுற பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழில இன்புட்ங்கற கட்டளை போட்டு வாங்குற எதையும் அது எழுத்தாதான் வெச்சுக்கும், நாம 100னு அடிச்சாலும் அதுக்கு அது ஒண்ணு, சைபர், சைபர்னு மூணு எழுத்து, அவ்ளோதான். அத 35ங்கற நம்பரோட ஒப்பிட சொன்னதும் டைப் எரர்னு செவப்பா வந்திருக்கு. இவ அந்த செவப்பு போனா போதும்னு 35ஐயும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுட்டா. எரர் போச்சு, ஆனா இப்ப ரெண்டுமே எழுத்து, டிக்‌ஷனரில வார்த்தைய அடுக்குற மாதிரி மொத எழுத்த பாத்தே முடிவு பண்ணிடுது, 1 வந்து 3க்கு முன்னாடி அதனால 100 ஃபெயில், 9 பின்னாடி அதனால பாஸ். வாங்கின மார்க்க இன்ட்னு போட்டு நம்பரா மாத்தி, அந்த மேற்கோள் குறிய எடுத்துட்டா வேலை முடிஞ்சது.

எனக்கு இதுல புடிச்சதே அவளா 100ம் 9ம் போட்டு பாத்தாளே, அதுதான். இதே ப்ரோக்ராம்ல 50 போட்டா பாஸ்னு வரும், 20 போட்டா ஃபெயில்னு வரும், நெறைய பசங்க அதோட மூடி வெச்சிட்டு கேன்டீன் போயிடுவாங்க. பின்னாடி கேம்பஸ்ல வர்ற கோடிங் டெஸ்ட்லயும் கண்ணுல காட்டாத இன்புட்ட போட்டுதான் செக் பண்ணுவாங்க.

க்ளாஸ்ல மத்த பசங்க வேகமா போறாங்கன்னு சொன்னீங்க. அவங்கள்ல பாதி பேரு கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ரூப்பா இருப்பாங்கக்கா, ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூல பைத்தான்னு ஏற்கனவே பாத்துட்டு வந்தவங்க. பாப்பா பயோ மேத்ஸ். ரெண்டு வருசம் பின்னாடி நின்னு ஓட ஆரம்பிச்சிருக்கா.

அவளுக்கு நல்லா தெரிஞ்ச கணக்கையே அடுத்ததா குடுங்க. ப்ளஸ் டூல ப்ராக்டிகல் இருக்கற பாடத்துல தியரி 70க்கு குறைஞ்சது 15 எடுக்கணும், மொத்தம் 35ம் வரணும், ரெண்டும் இருந்தாதான் பாஸ், ஃபிசிக்ஸ்ல அவளே பயந்த ரூல்தான். ப்ராக்டிகல், இன்டர்னல் சேத்து முழு 30, தியரில வெறும் 10, மொத்தம் 40 வந்தாலும் ஃபெயில்னு ப்ரோக்ராம் சொல்லணும். ரெண்டும் சரியா இருக்கணும்னு சொல்ற ஆண்ட்ங்கற (and) வார்த்த எதுக்குன்னு அப்ப தன்னால புரியும். அப்புறம் 90க்கு மேல சூப்பர், 75க்கு மேல நல்லது, 35ஓ அதுக்கு மேலயோ பாஸ்னு, எலிஃப் (elif, முன்னாடி சொன்னது பொருந்தலன்னா அடுத்தத பாருங்கற வார்த்த) வெச்சு எழுத சொல்லுங்க, ஆனா 35ஐ மொதல்ல வெச்சு ஒரு தடவ ஓட்டி பாக்கட்டும், 95 எடுத்த புள்ளைக்கும் வெறும் பாஸ்தான் வரும், ஏன்னு அவளே கண்டுபிடிக்கட்டும், சாட்ஜிபிடிய கேக்காம. அது முடிஞ்சா லீப் வருசம், 2000க்கு ஆமான்னும் 1900க்கு இல்லன்னும் வரணும்.

லேப்டாப்புக்கு இப்பவே லோன் எல்லாம் போடாதீங்க, பைத்தான் ஃப்ரீதான், காலேஜ் லேப் இருக்கு, போன்லயே ஓட்டிப் பாக்கவும் ஆப் இருக்கு. தினமும் அரை மணி நேரம், மொதல்ல பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் டைப் பண்ணட்டும்.

ஒரு மாசம் கழிச்சும் தப்பு வந்தா பரவால்லக்கா, ஏன் தப்பா வருதுன்னு தெரிஞ்சுக்கற ஆசையே அவளுக்கு வரலன்னா அப்ப பி.காம் பத்தி பேசுவோம், அதுவும் நல்ல படிப்புதான். பாடம் மாத்துறதுக்கு கடைசி தேதி என்னன்னு மட்டும் ஆபீஸ்ல கேட்டு வெச்சுக்கோங்க, அவகிட்ட இப்ப சொல்லிக்க வேணாம்.