கடைக்காரர் பதில்கள்: முறுக்குக்கு எந்தப் பை?

வீட்டில் முறுக்கு சுட்டு வாரம் 60 கிலோ விற்கிறேன். பாதி உள்ளூர்க் கடைகளுக்கு, பாதி வெளியூருக்கு. பிளாஸ்டிக் கவரை விட்டுவிடுங்கள் என்று மகள் தினமும் சண்டை போடுகிறாள். காகிதப் பையில் போட்டால் மூன்றாம் நாளே நமத்துப் போகிறது. 200 கிராம் கவர் எனக்கு 70 பைசா; மக்கும் பை 2 ரூபாய் என்கிறார்கள். சின்னத் தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா?
– வாசகி, மணப்பாறை

மகளோடு சண்டை போடாதீர்கள். அவள் கட்சிதான் நானும். ஆனால் அந்த 2 ரூபாய்ப் பையை வாங்க வேண்டாம்.

திருநெல்வேலியில் முப்பது வருடம் பலகாரக் கடை நடத்தியவன் நான். ஒரு ஐப்பசி மழையில் கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டது. துப்புரவுத் தொழிலாளர் அள்ளிப் போட்ட குவியலில் பாதி என் கடைக் கவர்கள். சிவப்பு எழுத்தில் என் அப்பா பெயர். அல்வா அன்றைக்கே தீர்ந்து போயிருக்கும். கவர் மட்டும் ஊர் முழுக்க எங்கள் பெயரைச் சுமந்துகொண்டு கிடந்தது. காசு கொடுத்து நானே அச்சடித்த விளம்பரம்!

அந்த வேகத்தில் ‘மக்கும் பை’ என்று ஒருவர் சொன்னதை நம்பி 5,000 வாங்கினேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒன்றைப் புதைத்து அடுத்த வருடம் தோண்டினால், கிழிந்த துண்டுகளாக அப்படியே இருந்தது. மக்கும் பிளாஸ்டிக் என்றால் ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தரமும் பெரிய உரக் கிடங்கின் சூட்டை வைத்துச் சொல்வது. நம் வீட்டு மண்ணை வைத்து அல்ல.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 60 கிலோவுக்கு 300 கவர். எல்லாவற்றையும் மாற்றினால் வாரம் 390 ரூபாய் கூடுதல் செலவு. அதற்குப் பதிலாக, உள்ளூர்க் கடைகளுக்குப் போகும் 30 கிலோவை மூடி இறுக்கமான தகர டின்னில் கொடுங்கள். காலி டின் அடுத்த சரக்கோடு திரும்பி வரட்டும். கடைக்காரர் எடை போட்டுக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பார். வாங்கியவர் அன்று மாலையே தின்றுவிடப்போகிறார், நமத்துப் போக நேரமேது? (செய்தித்தாளில் மட்டும் கட்ட விடாதீர்கள். அச்சு மை எண்ணெயில் ஊறும்; உணவைப் பொட்டலம் கட்டுவதற்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளும் அதைத் தடுக்கின்றன.) 150 கவர் மிச்சம், வாரம் 105 ரூபாய். டின் விலையைச் சில மாதத்தில் எடுத்துவிடலாம்.

வெளியூர்ச் சரக்குக்குக் கவர் வேண்டியதுதான். உடன்குடிப் பக்கம் கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் வைப்பார்கள், அழகாகவும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முறுக்கை அதில் போட்டால் ஈரக்காற்று ஏறி, எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். கெட்டுப்போய்க் குப்பைக்குப் போகும் முறுக்கும் நட்டம்தானே. ஆகவே ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன சாதாரணக் கவரே இருக்கட்டும். உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் பல அடுக்குக் கவருக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். அடுக்குகளைப் பிரிக்க முடியாது என்பதால் பழைய பொருள் வாங்குகிறவர் அதைத் தொடவும் மாட்டார். 200 கிராமோடு அரைக் கிலோ பொட்டலமும் போட்டுப் பாருங்கள். அதே முறுக்குக்குக் குறைந்த கவர்.

டீக்கடை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கப்பை விட்டுக் காகிதக் கப்புக்கு மாறிவிட்டேன். துணிப்பையும் கொடுக்கிறேன். சரிதானே?
– வாசகர், தென்காசி

நல்ல மனசு, ஆனால் காகிதக் கப் ஏமாற்று; துணிப்பையும் ஏமாற்றாக இருக்கலாம். காகிதக் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது; அது இல்லாவிட்டால் டீ உங்கள் கையில் ஒழுகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் அதுவும் ஒன்று. துணிப்பையின் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். சுருங்கி உருகினால் அதுவும் பிளாஸ்டிக்தான், 2019 தடைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. பேசாமல் கண்ணாடி கிளாசுக்குத் திரும்புங்கள். கழுவ ஓர் ஆள் வேண்டும், உண்மைதான். கப் வாங்கும் காசை அவருக்குக் கொடுங்கள்.

பை கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறாரே?
– வாசகர், கோவில்பட்டி

எனக்கும் போனார்கள். ‘தூக்குவாளி கொண்டுவந்தால் அல்வா 50 கிராம் கூடுதல்’ என்று பலகை மாட்டினேன். முதல் வாரம் நான்கே பேர். தீபாவளி வந்தபோது ஒருவர் மூன்று தூக்குவாளிகளோடு வந்து, மூன்றுக்கும் தனித்தனியாக 50 கிராம் கேட்டார். கொடுத்தேன்.