கனடிய ஃபுட்பாலுக்கு உருக்கொடுத்தவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ரக்பி வழிவந்த கனடிய ஃபுட்பாலில் (நம்மூர் கால்பந்து அல்ல) அணிக்கு 12 பேர், மூன்று டவுனில், அதாவது பந்தை முன்னே கொண்டுபோகும் மூன்று முயற்சியில், 10 யார்டு. இதையெல்லாம் கொண்டுவந்தது யார்?

பதில்: டொராண்டோ பல்கலைக்கழக அணித்தலைவர் திரிஃப்ட் பர்ன்சைடு. எல்லா விதிகளையும் அவரே எழுதினார் என்று கொள்ள வேண்டாம். ஆனால் அவை வழங்குவது அவர் பெயரில்தான். 1903-இல் ஒன்டாரியோ ரக்பி ஃபுட்பால் யூனியன் அவற்றை ஏற்றது. முன்வரிசைக்கு ஆறு பேர் என்றானது. அதற்கு முன் நடுவில் நிற்பவர் பந்தைக் குதிகாலால் பின்னே தள்ளுவார். இரு பக்கமும் முட்டிமோதும் அந்த நெரிசலில் பந்து எப்போது, யார் காலடியில் வெளிவரும் என்று சொல்ல முடியாது. கையால் பின்னே கொடுப்பது வந்ததும் யார் கைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்க முடிந்தது. என்னைக் கேட்டால், இன்றைய ஆட்டம் பிறந்தது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு யூனியனும் தன் விதியையே பிடித்துக்கொண்டிருந்ததால், நாடு முழுதும் 12 பேர் என்றாக 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அமெரிக்காவில் நான்கு டவுன். இங்கே ஒன்று குறைவதால் அவ்வளவு வித்தியாசமா அண்ணா?

பதில்: ஆமாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் டவுனில் 2 யார்டுதான் கிடைத்தது என்றால் அடுத்ததில் 8 வேண்டும். அதுவும் தவறினால், மூன்றாவதும் வீணாகி அங்கேயே பந்து எதிரணிக்குப் போய்விடாமல் இருக்க, பெரும்பாலும் அதை உதைத்துத் தூர அனுப்பிவிடுவார்கள். ஆக, உண்மையான முயற்சி இரண்டே. அதனால்தான் உதைப்பவருக்கு இத்தனை மதிப்பு. 1909-இல் கனடிய ஃபுட்பால் சாம்பியனுக்கான கிரே கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஹியூ கால் என்ற ஆட்டக்காரர் உதைத்தே எட்டு ‘ரூஜ்’ எடுத்தார். உதைத்த பந்து எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் விழுந்து, அவர்களால் அதை வெளியே கொண்டுவர முடியாமல் போனால் கிடைக்கும் ஒரு புள்ளிதான் ரூஜ்.

கேள்வி: முன்னோக்கி எறியும் பாஸ்?

பதில்: மெக்கில் பயிற்சியாளர் ஃபிராங்க் ஷாக்னசி அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1931-இல்தான் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு கிரே கோப்பையில் மாண்ட்ரியலின் வாரன் ஸ்டீவன்ஸ், கென்னி கிராண்டுக்கு எறிந்ததுதான் கிரே கோப்பை வரலாற்றிலேயே முதல் டச்டவுன் பாஸ், அதாவது எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்ற பாஸ். ரெஜைனா 22-0 எனத் தோற்றது.

கேள்வி: கோப்பையைத் தந்த கிரே பிரபு ஆட்டக்காரரா?

பதில்: இல்லை, அன்றைய கனடா கவர்னர் ஜெனரல். முதலில் ஹாக்கிக்குத்தான் கோப்பை தர நினைத்தார். ஹாக்கிக்கு வேறொருவர் தந்த ஆலன் கோப்பை முந்திக்கொண்டது. 1909 டிசம்பர் 4-இல் டொராண்டோ பல்கலைக்கழகம் 26-6 என வென்றபோது கோப்பை தயாராகவில்லை. 48 டாலர் விலையுள்ள அது வெற்றியாளர் கைக்கு வந்தது மறு ஆண்டு மார்ச்சில்.