சர்க்கரை நோயுள்ள பூனைக்கு ஓயாத மலச்சிக்கல்

கேள்வி: கோத்தகிரி பக்கம் கேரட், உருளை போடுகிறோம். கிழங்குக் கொட்டகையில் எலி அண்டாமல் காத்த எங்கள் கடுவன் பூனைக்கு இப்போது 11 வயது. சர்க்கரை நோய்க்காக 7 மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறோம். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது, அதுவும் முக்கி முக்கி, புழுக்கை புழுக்கையாக. பால்சோறுதான் சாப்பாடு. விளக்கெண்ணெய் ஊற்றலாமா? மருந்துக்கடை எனிமா வைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. வாயைப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மனிதருக்கான பாஸ்பேட் எனிமா பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

அது முக்குவது மலத்துக்குத்தானா என்று இன்றைக்கே பாருங்கள். கடுவனுக்கு மூத்திரம் அடைத்தாலும் இப்படித்தான் குந்திக் குந்தி எழும். மண் தட்டில் ஈரமே இல்லையென்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

மூத்திரம் நன்றாகப் போகிறதென்றால், சிக்கலின் வேர் பெரும்பாலும் சர்க்கரையில்தான் இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது அது மூத்திரத்தில் இறங்கி, உடம்பிலுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, பெருங்குடல் மலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் புழுக்கையாகக் காய்கிறது. மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். விரலில் பிசுக்கென்று ஒட்டினால் நீர்ச்சத்து போதவில்லை. பிடரித் தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் கிழப்பூனைக்குத் தோல் தளர்ந்திருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

நம் மலையில் உறைபனி விழும் மார்கழி, தையில் பச்சைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். பூனையும் அதிகம் குடிக்காது. அடுப்படி ஓரம் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் கோழி வேகவைத்த தண்ணீரையும் கொடுக்கலாம்.

பால்சோற்றை நிறுத்தத்தான் வேண்டும். பூனை இறைச்சி தின்னும் பிராணி. சோறு அதன் சர்க்கரையை ஏற்றுகிறது. ஆனால் தயவுசெய்து ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சோறு குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை சரிந்து பூனை தள்ளாடும், வலிப்பு வரும். மருத்துவரிடம் சொல்லி, சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து, ஈரமான இறைச்சி உணவுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். அப்படித் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு ஓடுங்கள்.

மருந்தென்றால், உப்புகளும் இனிப்பும் கலக்காத பாலிஎதிலீன் கிளைக்கால் பொடியைத்தான் நான் முதலில் சொல்வேன். பூனைக்கு வழக்கமாக அரைக்கால் தேக்கரண்டி (எட்டில் ஒரு பங்கு), நாளுக்கு இரண்டு வேளை, ஈர உணவில் கலந்து ஆரம்பிப்போம். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். லாக்டுலோஸ் சிரப்பில் சிறிது சர்க்கரை உண்டு, அதனால் இந்தப் பூனைக்கு அது இரண்டாம் பட்சம். உடம்பில் நீர் தேறும்வரை இசப்கோல் வேண்டாம், இன்னும் கெட்டியாக்கிவிடும்.

மண் தட்டு விளிம்பு தாழ்ந்ததாக, குளிராத மூலையில் இருக்கட்டும். இந்த வயதில் மூட்டு வலியாலும் குந்த மறுக்கும். பின்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கிறதா என்றும் கவனியுங்கள். அது சர்க்கரையால் நரம்பு கெட்டதன் அடையாளம்.

வாந்தி எடுத்தாலோ, தீனியை வெறுத்தாலோ வழக்கமான இன்சுலின் அளவைப் போடும் முன் மருத்துவரை அழையுங்கள். இரண்டு நாள் தாண்டியும் வெளிக்குப் போகாவிட்டால் நேரில் காட்டுங்கள். போகும்போது சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைந்தாலும் குடல் சோம்பிவிடும்.