1974 கதையில் அப்பா–மகன் போன் காட்சி: எஸ்.டி.டி. பூத் வேண்டாம்

1974-ல் நடக்கும் உங்கள் கதையில், மெட்ராஸிலிருக்கும் மகன் கிராமத்து அப்பாவிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும் காட்சியில் சிரிப்பு வரவில்லை என்கிறீர்கள். பூத்தை எடுத்துவிட்டு ட்ரங்க் கால் (ஆபரேட்டர் இணைத்துத் தரும் வெளியூர் அழைப்பு) வையுங்கள். எஸ்.டி.டி. (ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் செய்யும் வசதி) 1960-லேயே கான்பூர்–லக்னோ இடையே வந்துவிட்டது, ஆனால் தெருவோர பூத்துகள் பெருகியது எண்பதுகளின் பிற்பகுதியில்தான். 1974-ல் மெட்ராஸிலிருந்து கிராமத்துக்குப் பேச புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காட்சியில் சிரிப்பு வராததற்கும் இதுவே காரணமாக இருக்கும். எட்டு வருஷமாகப் பேசாத அப்பா நினைத்த நொடியில் லைனில் கிடைத்துவிடுகிறார்.

பி.பி. காலாக (குறிப்பிட்ட ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ட்ரங்க் கால்) மாற்றுங்கள். மகன் ஆபரேட்டரிடம் அப்பா பெயரைச் சொல்லியாக வேண்டும். தபால் ஆபீசிலிருந்து ஆள் போய்க் கூப்பிட, "வரலேன்னு சொல்லு" என்று அவர் திண்ணையிலிருந்தே சொல்லலாம். வந்தாலும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். மன்னிப்பைக்கூட ஊர் கேட்கத்தான் கேட்க முடியும். மூன்று நிமிடத்தில் ஆபரேட்டர் குறுக்கிடுவார்.

எழுதியதும் இருவர் சத்தமாக வாசித்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே நேரம் தீர வேண்டும்; மூன்று நிமிடத்துக்குள் இருவரும் மனம்விட்டுப் பேசி முடித்துவிட்டால், மனம்விட்டுப் பேசும் வசனம் அதிகம், வெட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கிராமத் தபால் ஆபீசிலும் போன் இருக்கவில்லை. உங்கள் கதையின் ஊர் ரொம்பச் சின்னது என்றால் தந்திதான். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று, பிரிக்கும் முன்பே வீடு அழ ஆரம்பித்துவிடும். அதற்கும் காட்சியில் இடம் விடுங்கள்.