வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் 12 பேர்

உங்கள் கட்டுமானத் தளத்தில் யாரும் பார்த்திராத 12 பேரின் பெயரில் கூலி போகிறது; தொழிற்சங்கம் கேட்டதால் கொடுத்ததாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். ஆனால் பொதுவாக ஒப்பந்ததாரரின் ஒப்புதல் இல்லாமல் பொய்ப்பெயருக்குக் கூலி போகாது. ஆகவே "சங்கம் கேட்டது, கொடுத்தோம்" என்று அவர் சொல்வதை மட்டும் நம்பி, அந்த 12 பேருக்கும் சங்கமே பொறுப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்கள் ஒப்பந்தம், ஆன செலவின் மீது லாப விழுக்காடு சேர்த்துத் தரும் வகையா? அப்படியானால் கூலிப்பட்டியல் நீள நீள அவருடைய லாபமும் வளரும். சங்க நிர்வாகி ஒருவருக்குப் பங்கு கொடுப்பதில் அவருக்கு நஷ்டமே இல்லை. சங்கத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க முதலாளி பணம் தருவதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98ஆவது உடன்படிக்கை (1949) தலையீடு என்றே கொள்கிறது.

சரிபார்க்க, கான்கிரீட் போட்ட ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்றைய வருகைப் பதிவேட்டை வாயிற்காவல் ஏட்டுடனும் காலைப் பாதுகாப்புக் கூட்டத்தின் கையெழுத்துத் தாளுடனும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். பதிவேட்டை மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதிவிடலாம். வாயிற்காவல் ஏட்டில், காவலரும் கூட்டாளியாக இல்லாதவரை, அது எளிதல்ல.

ஆனால், சங்கப் பணிக்காகச் சம்பளத்துடன் விடுவிக்கப்பட்ட பிரதிநிதிகளும் இரவு ஷிஃப்ட் ஆட்களும் அந்தப் பட்டியலில் முறையாகவே இருக்கக்கூடும் என்பதால், சங்கத்துடன் செய்த கூட்டு ஒப்பந்தத்தைப் படித்த பிறகே புகார் எழுதுங்கள்.