ஈரநிலம் என்றால் என்ன? வடுவூர் ஏரியில் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

ஆண்டில் சில மாதமாவது ஆழமில்லாத நீர் தேங்கும் நிலமே ஈரநிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த வடுவூர், திருவாரூர் மாவட்டத்தில் மேட்டூர் அணைத் தண்ணீரில் நிறையும் பாசன ஏரி. ஆழம் குறைவு என்பதால் வெயில் அடிவரை இறங்கிப் பாசி வளரும். அதற்குப் பூச்சியும் மீனும், அவற்றுக்குப் பறவையும் வரும். குழம்புக்கும் சோற்றுக்கும் தனிக் கரண்டி இருப்பதுபோல் அலகும் வேறு வேறு: கரண்டிவாயன் நீரைப் பக்கவாட்டில் துழாவும், அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்தும்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், காலை 8 மணிக்கு முன் போவது நல்லது. வனத்துறை அனுமதித்தால் கரையோர நீரை வெள்ளைத் தட்டில் மொண்டு நிழலில் வையுங்கள். வெள்ளையில்தான் தும்பியின் இளம்புழு கண்ணுக்குத் தெரியும். பத்தே நிமிடத்தில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நீர் சூடானால் அதில் கரைந்த காற்று குறைந்து புழு திணறும்.

கோடையில் வறண்டால் ஏரி செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, வெடித்த சேற்றுக்குள் நத்தைகள் மூடியை அடைத்துக்கொண்டு உயிரோடுதான் இருக்கும்.