சீக்கிரமே வந்து நிற்கும் ராஜா

கேள்வி: தனியாளாக ஆடும் திகில் சீட்டு விளையாட்டில் நான்காவது ராஜா வந்ததும் நம் பாத்திரம் செத்துவிடும். அடிக்கடி 15 சீட்டுக்குள்ளேயே கதை முடிந்துபோகிறது. பயம் எங்கே ஏறும்?

பதில்: கோளாறு விதியில் இல்லை, கலைப்பதில்தான். நன்கு கலைத்த 52 சீட்டில் நான்காவது ராஜா சராசரியாக 42ஆவது சீட்டையொட்டித்தான் வரும். 15க்குள் நான்கும் வர 200இல் ஒரு வாய்ப்பே. போன ஆட்டத்தில் ஒதுக்கிய ராஜாக்களை அப்படியே சேர்த்துச் செருகினால் கூட்டமாகவே வெளிவரும். பிரித்துச் செருகி, ஏழு தடவை இரு பாதிகளையும் பின்னிக் கலையுங்கள்.

அப்போதும் நீளம் போதாதென்றால், ஒரு ராஜாவை எடுத்துவைத்து மீதியைக் கலைத்து, அதில் 25 சீட்டோடு அந்த ராஜாவைச் சேர்த்துக் கலைத்து அடியில் வையுங்கள். 27ஆவது சீட்டுக்கு முன் சாவு இல்லை. நான்கு ராஜாவையும் கால்பகுதிக்கு ஒன்றாகப் பிரிக்கவே வேண்டாம். 39 வரை உயிர் நிச்சயம் என்று தெரிந்தால் திகில் போச்சு!